தறியின் வலப்பக்கம்

அத்தியாயம் 14

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஆதிலட்சுமியைத் திட்டி மூன்று வாசகிகள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஐம்பத்துமூன்று வயதுக் கொழுந்தன் துரைக்கண்ணு செத்துக் கிடக்கிறான், ஆரணியில் அந்தத் தெருவே கூடி அழுகிறது, வீட்டு மருமகள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே, இவளும் ஒரு பெண்ணா என்று கேட்கிறார்கள். ஒருவர் 'கல்நெஞ்சுக்காரி' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறார்.

நியாயம்தான். அவள் நாத்தனார் சாவித்திரியும் பதினைந்து நாளாக அதைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சிக்காத. எங்க கண்ணு செத்துப் போனதுல உனக்கு நிம்மதியா?"

வடைக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமியின் கை நிற்கவில்லை.

"இன்னா பேச்சு இது? காலங்காத்தால பேஜார் பண்ணாத சாவித்திரி. வேலை கீது."

வேலை இருந்தது உண்மை. சாவித்திரிக்குப் பதிலும் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டம். ஆதிலட்சுமிக்கு நிம்மதி இல்லை, பொறாமை. துரைக்கண்ணு உயிரோடு இருந்தபோது அவன் மேல் எவ்வளவு பொறாமை இருந்ததோ, செத்த பிறகு அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. இதை எந்த வாயால் யாரிடம் சொல்வாள்?

துரைக்கண்ணு பிறந்தபோதே முகம் தட்டையாக, கண் சிறுத்து, நாக்கு கொஞ்சம் வெளியே தெரிகிற பிள்ளை. வேலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பத்து வயதைத் தாண்டாது, இருக்கிற வரைக்கும் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அம்மா அந்தப் பத்து வருஷத்தை எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினோராவது வருஷம் அவள்தான் போனாள். அதற்கப்புறம் அவனுக்கு எல்லாம் அண்ணன் பலராமன்தான்.

அண்ணனுக்குத் தறி. அந்த வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும். வலப்பக்கத்துக் கரைக்கு, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற மரக்கட்டையான நாடா ஒன்றைத் தனியாக எறிய வேண்டும். நெய்கிறவர் கை அதுவரை எட்டாது. அதனால் அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் நாள் முழுக்க உட்கார்ந்து, அவர் மிதிக்கு மிதி அந்த நாடாவை எறிந்து, உடல் இழையோடு கரை இழையைக் கோத்துவிட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் புடவை.

அந்த வலப்பக்கத்தில் முதலில் உட்கார்ந்தவள் தங்கை சாவித்திரி. துரைக்கண்ணு அவளைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் அவளுக்கு அவன் கண்ணுதான். தனக்குக் கல்யாணம் ஆகிப் போனால் அண்ணனுக்கு யார் கோர்வை போடுவது என்று, பதினான்கு வயதில் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தெரு சிரித்தது. மூன்று வருஷம் அவன் கையைப் பிடித்துப் பிடித்துப் பழக்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அவள் கலசப்பாக்கத்துக்கு வாழப்போன அன்று அவன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். முப்பத்துநான்கு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் மருமகளாக வந்த ஆதிலட்சுமிக்கு மணவறையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வேட்டி கட்டிய துரைக்கண்ணு. அவனை எழுப்பப் பார்த்தார்கள். அவன் அண்ணன் துண்டைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. பலராமனும் "இருந்துட்டு போவட்டும்" என்றார்.

கல்யாணமான புதிதில் திருமலைக்குப் போனார்கள். மலைப்படியில் துரைக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. பலராமன் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் புதுப்பெண் இரண்டு பேர் செருப்பையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். அதை நினைத்தால் ஐம்பத்திரண்டு வயதிலும் அவளுக்கு முகம் சூடாகும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. பலராமன் மனைவியிடம் பேச மாட்டார். "இந்தா, தண்ணி." "இந்தா, தார் கொண்டா." அவ்வளவுதான் ஒரு நாளைய பேச்சு. தறியில் உட்கார்ந்துவிட்டாலோ தம்பியிடம் ஓயாமல் பேசுவார். சுவருக்கு இந்தப் பக்கம் ராட்டினத்தில், நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள் ஆதிலட்சுமி. ராட்டினச் சத்தத்திலும் தறிச் சத்தத்திலும் என்ன பேசுகிறார் என்று ஒரு வார்த்தை பிடிபடாது. தணிந்த குரல் மட்டும் கேட்கும். நடுநடுவே துரைக்கண்ணுவின் "ஊம்" கேட்கும். என்னதான் இருக்கும், இந்த மனுஷனுக்கு அவனிடம் சொல்ல? ஒரு நாளா, இரண்டு நாளா, முப்பத்துமூன்று வருஷம்!

அவன் கெட்டவனாக இருந்தாலாவது வெறுத்துத் தொலைத்திருக்கலாம். சாயங்கால டீக்கு வாங்கும் பொறை ரொட்டியில் பாதியை உடைத்து "அண்ணீ" என்று முதலில் அவளிடம்தான் நீட்டுவான். எழுபத்தேழு தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மை அழிந்துவிடும் என்று ஒரு வாரம் இடது கையை நனைக்கவே இல்லை. அந்த ஒரு வாரமும் அவனுக்குக் குளிக்க ஊற்றியவள் அவள்தான். பாவி, நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடவில்லை.

எழுபத்தொன்பதில் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். ஒரு டாக்டரம்மா அவன் உள்ளங்கையையும் கண்ணையும் பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதா என்று இரண்டு தடவை கேட்டார். இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, டவுன் சிண்ட்ரோம் என்று சொல்வோம், இவர்கள் இவ்வளவு வருஷம் இருப்பதே அபூர்வம் என்றார்.

"பேரு துரைக்கண்ணு தாங்க. அதையே எழுதிக்கோங்க" என்றார் பலராமன்.

வாசலில் செருப்போடு நின்ற ஆதிலட்சுமிக்கு அன்றும் எரிந்தது. தன் பெயரை அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சரி, பதினாறாம் நாளுக்கு வருவோம்.

பகல் பதினோரு மணிக்குப் படையல். துரைக்கண்ணுவின் வேட்டியை மடித்து வைத்து, முன்னால் விளக்கேற்றி, தலைவாழை இலை போட்டார்கள். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். சாவித்திரி கலசப்பாக்கத்திலிருந்து ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். இலையில் நட்டநடுவே ஏழு அதிரசத்தை அடுக்கினாள்.

ஆதிலட்சுமி பேசாமல் வந்து, அதிரசத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, நடுவில் இரண்டு பொறையும் ஒரு டம்ளர் டீயும் வைத்தாள்.

"இன்னா அண்ணி இது, டீக்கடையா? கண்ணுக்கு அதிரசம்னா உயிரு."

"தெரியும்."

"அப்பால ஏன் தள்ளி வெக்கற? வருஷா வருஷம் நான் செஞ்சி அனுப்பினத அவன் எப்படி தின்னான்னு எனக்குத் தெரியாதா?"

இந்த இடத்தில் ஆதிலட்சுமி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பத்து வருஷம் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு பல்லு விழுந்து பத்து வருஷம் ஆவுது. உன் அதிரசத்த பால்ல ஊறப்போட்டு, பிசைஞ்சி, ஊட்டுனவ நான்."

சாவித்திரி கையில் எட்டாவது அதிரசம் அப்படியே நின்றது.

"பத்து வருஷமா?" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சிருந்தா மெத்துமெத்துன்னு பணியாரம் பண்ணி அனுப்பிச்சிருப்பேனே. ஏன் அண்ணி சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? கூடப் பிறந்தவளுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற சந்தோஷம்தான். அவனைப் பற்றி இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அதையும் இன்று ஊர் முன்னால் செலவழித்துவிட்டாள். சாவித்திரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆதிலட்சுமி டீ ஆறிவிட்டதா என்று டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். ஆதிலட்சுமியின் இரண்டு பெண்களும் தங்கள் வீட்டுக்காரர்களோடு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அன்றைய நாளின் பெரிய காரியம் இனிமேல்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் தறியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பதினாறாம் நாள் விளக்கு வைப்பதற்குள் மறுபடி ஒரு சாண் நெய்தாக வேண்டும். செத்தவர் தறியில் உட்கார்ந்தவராக இருந்தால், அன்று அவர் இடத்தில் யார் உட்கார்ந்து அந்த ஒரு சாணை முடிக்கிறாரோ, அந்த இடம் அதற்குப் பிறகு அவருக்குத்தான். பலராமனின் அப்பா போனபோது பலராமன் அப்படித்தான் தறியில் அப்பா இடத்துக்கு வந்தார்.

பலராமன் மூடியிருந்த துணியை எடுத்தார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. யாரோ ஒரு பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. பாதியில் நின்றிருந்தது. வலப்பக்கத்தில், துரைக்கண்ணு உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த மடித்த கோணி. பதினாறு நாளாக யாரும் தொடாத கோணியில் தூசி இல்லையே என்று சாவித்திரிக்கு ஒரு கணம் தோன்றியது. கற்பூரம் காட்டியதில் அதை மறந்துவிட்டாள்.

"அண்ணா, நான் உக்கார்றேன்" என்றாள். "அது என் இடம். நான்தான் கண்ணுக்குக் குடுத்துட்டுப் போனேன்."

ஆதிலட்சுமி குறுக்கே வந்தாள். "குடுத்துட்டுப் போனவ போனவதான். முப்பத்திமூணு வருஷம் இந்தத் தறிக்கு நூல் சுத்திக் குடுத்துகினு கீறவ நான்."

"சுத்தின. போட்டியா? ஒரு நாள் கோர்வை போட்டிருக்கியா?"

"விட்டாதான போடறதுக்கு!"

இரண்டு பேரும் பலராமனைப் பார்த்தார்கள். நீ உட்கார் என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்காக ஆதிலட்சுமி காத்து நின்றாள்.

"யாரு வேணா உக்காருங்க" என்றார் அவர், தறிக்குழியில் காலை இறக்கிக்கொண்டே. "ஜல்தி. பொழுது போவுது."

யாரு வேணா! ஆதிலட்சுமி அடுப்பங்கரை நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள். சாவித்திரி கோணியில் உட்கார்ந்தாள்.

முப்பத்துநான்கு வருஷம் ஆனாலும் சாவித்திரிக்குக் கை மறக்கவில்லை. பலராமன் மிதித்தார். பாவு திறந்தது. அந்த நீட்டு இழைகள் திறந்த உடனே சாவித்திரி நாடாவை எறிந்தாள். சுருக்காக, சுத்தமாக, அந்தக் காலத்தில் அப்பா மெச்சிக்கொண்டது போலவே எறிந்தாள்.

கோர்வை பிடிக்கவில்லை. உடல் இழை வந்து சேருவதற்கு முன்னாலேயே கரை இழை போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளவு.

பிரித்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் பிளவு. மூன்றாவது தடவை கரை இழை இழுபட்டு அறுந்தே போயிற்று.

"நான் சரியாத்தான போட்டேன் அண்ணா?"

"சரியாத்தான் போட்ட."

"அப்பால ஏன் பிடிக்கல?"

பலராமன் தன் கையைப் பார்த்தார். தன் கால் மிதித்துவிட்டு நிற்கிறது, கை அசைய மாட்டேன் என்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போதும், எழுந்திரு. இந்தத் தறி இனிமே ஓடாது. பாவ அறுத்து, பட்டு குடுத்த முதலாளி கிட்டயே குடுத்துடறேன். இந்தா, கத்திரி கொண்டா."

சாவித்திரி எழுந்து உள்ளே போனாள். ஆறு மணி பஸ்ஸுக்குப் பையில் துணியைத் திணிக்கிற சத்தம் கேட்டது.

கத்திரிக்கோல் மாடத்தில் இருந்தது. ஆதிலட்சுமி அதை எடுக்கவில்லை. பாவை அறுத்துவிட்டால் தறி போயிற்று. தறி போனால் இந்த மனுஷன் மீதியிருக்கிற வாழ்நாளுக்கு ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு, அவளுக்குக் கிடைக்காத பேச்சு, அதுவும் இல்லாமல் போய்விடும்.

ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவித்திரி போட்டபோது சத்தம் தப்பாக இருந்தது. மிதிச் சத்தம், உடனே நாடாச் சத்தம். இந்த வீட்டுத் தறி அப்படி ஓடியதே இல்லை. மிதிச் சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்காது. துரைக்கண்ணுவின் குட்டை விரலுக்கு நாடாவைச் சரியாகப் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். பிடித்ததும் "ஊம்" என்பான். அந்த "ஊம்" கேட்ட பிறகுதான் பலராமன் கை நகரும். முப்பத்துநான்கு வருஷம் தம்பிக்காகக் காத்துக் காத்து, காத்திருப்பது அவர் கையிலேயே ஊறிவிட்டது. அவருக்குச் சரியாக எறிகிற ஆள் வேண்டாம். தாமதமாக எறிகிற ஆள்தான் வேண்டும்.

அந்தத் தாமதம் எவ்வளவு என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எரிச்சலோடு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு "ஊம்"முக்கும் பல்லைக் கடித்தவளுக்கு.

ஆதிலட்சுமி போய்க் கோணியில் உட்கார்ந்தாள். அறுந்த இழையை முடிந்தாள்.

"கத்திரி எங்க?" என்றார் பலராமன்.

"மிதிங்க."

அவர் மிதித்தார். பாவு திறந்தது. அவள் எறியவில்லை. ஒரு மூச்சு விட்டாள். அவரும் அசையவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் வாயால் அது வர வேண்டும். கட்டிய பெண்டாட்டி, இரண்டு பெண் பெற்றவள், அவனைப் போலக் குரல் கொடுப்பதா? மானம் பிடுங்கித் தின்றது.

"ஊம்" என்றாள்.

பலராமன் கை நகர்ந்தது. அவள் நாடா போயிற்று. மாம்பழமும் அரக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

மிதி. மூச்சு. ஊம். நாடா. இரண்டு விரற்கடை வந்தது. நான்கு விரற்கடை வந்தது. உள்ளே பை விழுகிற சத்தம். "கண்ணு!" என்று கத்திக்கொண்டே சாவித்திரி ஓடி வந்தாள். நிலைப்படியில் நின்று, கோணியில் இருப்பவளைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பலராமன் திரும்பிப் பார்க்கவில்லை. கண் புடவையில்தான் இருந்தது. தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். தறிச் சத்தத்தில் கோணியில் இருப்பவளைத் தவிர வேறு யாருக்கும் கேட்காத குரல்.

"வந்தவங்கல்லாம் நல்லா சாப்ட்டாங்க கண்ணு."

"ஊம்."

"உங்க அண்ணி வடை நல்லா இருந்துது. எப்பவும் நல்லாத்தான் பண்ணுவா. சொன்னா கர்வம் வந்துடும்."

அவள் நாடா ஒரு கணம் தாமதித்தது. அவர் காத்திருந்தார்.

"ஊம்."

"அழவே இல்லன்னு ஊரே பேசுது. அவங்களுக்கு இன்னா தெரியும்? யாரும் இல்லாத நேரம் பாத்து தெனம் வந்து உன் கோணிய உதறிப் போட்டுட்டுப் போறா. நான் பாத்துகினுதான் கீறேன். உன்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், ஆதிலட்சுமி மாதிரி ஒருத்தி வந்ததாலதான் நாம ரெண்டு பேரும் பொழைச்சோம்னு. சொல்லியிருக்கேனா இல்லியா?"

ஆதிலட்சுமி. அவர் வாயிலிருந்து வந்த பெயர்.

இதைத்தானா? இத்தனை வருஷமும் இதையா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்? அவளுக்குச் சேர வேண்டிய பேச்சு அத்தனையும் அவன் காதில் போய் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஊம் ஊம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பாதிப் பொறையை நீட்டியிருக்கிறான். அன்று எரிந்தது போல அவளுக்கு என்றுமே எரிந்ததில்லை. கொடுத்துவைத்தவன், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்று பொருமினாள்.

கடிதம் எழுதிய மூன்று வாசகிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். அழுதாள். பட்டில் விழுந்தால் கறை ஆகிவிடும் என்று முகத்தைத் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். ஆனால் ஒரு மிதிக்கும் "ஊம்" சொல்லாமல் விடவில்லை. விட்டால் அவர் பேச்சு நின்றுவிடும்.

விளக்கு வைக்கும்போது ஒரு சாண் முடிந்திருந்தது. பலராமன் நெய்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஆறு மணி பஸ் போய்விட்டது. சாவித்திரி நிலைப்படியை விட்டு எழுந்து, மெதுவாகக் கோணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அண்ணா இன்னா சொல்லிகினு இருந்தாரு?"

ஆதிலட்சுமி நாடாவைத் துடைத்து வைத்தாள்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாரா?"

"ஊம்" என்றாள் ஆதிலட்சுமி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவித்திரிக்கு அந்த ஒரு 'ஊம்' போதுமாக இருந்தது. பிறகு எழுந்து போய், கீழே கிடந்த பையை எடுத்து, திணித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாள்.